கொடி ரெத்தக்காரி

பேறுகால அறையில் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வெட்டிய தொப்புள்கொடியைப் பார்ப்பேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கணக்கெடுக்கப் போகிறவர்கள், இன்சூரன்ஸ் பிடிக்கப் போகிறவர்கள், சொட்டு மருந்துப் பெட்டியோடு அலைகிறவர்கள், அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்று தவித்தவர்கள் எல்லோருமே என் இனத்தார்தான். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். 2011 வாக்கில் தொடங்கிச் சில வருஷம் எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆலைகளில் செய்கிற சில இரசாயனங்களுக்கு அழிவே கிடையாது. எண்ணெய் ஒட்டாத சட்டி, தண்ணீர் ஒட்டாத துணி, கறை பிடிக்காத விரிப்பு என்று பலவற்றிலும் அவை இருக்கும். அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் மீனுக்கும் மனுஷ இரத்தத்துக்கும் போகும். கர்ப்பிணியின் இரத்தத்தில் இருந்தால் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தாயின் கையிலிருந்து கொஞ்சம், பிள்ளை பிறந்ததும் கொடியிலிருந்து கொஞ்சம் என்று இரத்தம் எடுத்து ஐஸில் வைத்து அனுப்புவது என் சோலி. லேப் டெக்னீஷியன் படிப்பு படித்திருந்தேன். கடற்கரைப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் கொடி ரெத்தக்காரி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தடவை தங்கியபோது நான் இந்த வேலையில்தான் இருந்தேன். கீழே வருகிற கதைகளில் நான் சிரிக்கிற இடங்களைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இழவு சொல்ல வந்தவள்

வேலையில் சேர்ந்ததும், ஆராய்ச்சியை நடத்திய எங்கள் டாக்டரம்மா முதலில் சொல்லித்தந்தது ஊசி குத்துவதை அல்ல, உடுத்துவதை. நாங்கள் தேடுகிற அந்த இரசாயனம், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சாதனம்', எங்கும் இருக்கிறது, என் மேலிருந்தே ட்யூபுக்குள் விழுந்துவிடலாம். அதனால் இரத்தம் எடுக்கும் நாளில் பவுடர் கூடாது, கிரீம் கூடாது. புதுச்சேலை கூடாது, பலதடவை அலசி நிறம்போன பருத்திச் சேலைதான். மழைக்கோட்டு அறவே கூடாது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்துக்கு இந்தச் சட்டத்தை எழுதியவர் நிச்சயம் ஒரு வெயில் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

ஆனி மாதம், நல்ல மழை. தொப்பலாக நனைந்து, வெளுத்த சேலையில், பூச்சில்லாத முகத்தோடு ஆஸ்பத்திரி லேபர் ரூம் வாசலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கட்டிலில் கிடந்த பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் வலியில் போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவள் மாமியார் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"ஏட்டி, பிள்ள பெறுக எடத்துக்கு இப்பிடியா வாறது? எனக்க மருமவ உன்னக் கண்டுட்டு, தன்னக் கொண்டுபோகத்தான் ஆளு வந்திருக்குன்னு கெடக்கா."

பெட்டிக்குள் என்ன மீன்

இரத்தம் எடுத்த கையோடு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கிருந்து சென்னை லேப்புக்குப் போகும். வண்டி வராத நாட்களில் பஸ்தான். வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ், வெளியே டேப். கடற்கரை ரூட்டில் இந்தக் கோலத்தில் ஏறினால் கண்டக்டர் என்ன நினைப்பார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. "மீனெல்லாம் பொறத்த போங்க" என்று கடைசி சீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே ஏற்கெனவே மீன் நிறைந்த சருவப் பானையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். தொழில்முறைச் சகோதரியைக் கண்டதுபோல் நகர்ந்து இடம் தருவார்.

அப்படி ஒருநாள் இடம் தந்த அக்கா பெட்டியைத் தட்டிப் பார்த்து, "என்ன மீனு?" என்றார். மீன் இல்லை, இரத்தம் என்றேன். ஆருக்க ரெத்தம் என்றார். இப்போது பிறந்த பிள்ளையுடையது என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பஸ் திங்கள்நகர் தாண்டும்வரை சருவத்தைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எதற்கு என்று கேட்டார். அந்த இரத்தத்தில் அழியாத ஒரு மருந்து இருக்கிறதா என்று பார்க்க என்றேன். எத்தனை நாள் இருக்கும்? வருஷக்கணக்கில். வெயிலில் வைத்தால்? இருக்கும். தீயில் போட்டால்? சாதாரண தீயில் போகாது. அவர் தன் சருவத்தில் கிடந்த நெத்திலியையும் என் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். இரத்தம்தான் கெடும், மற்றது கெடாது என்று நான் விளக்க வாயெடுப்பதற்குள் கேட்டுவிட்டார்:

"கெட்டே போவாத சாதனத்துக்கு எதுக்கு மக்கா ஐஸு?"

வெறும் வெள்ளம்

ஒவ்வொரு பேறுகாலத்துக்கும் ஒரு ட்யூப் நிறைய சுத்தமான தண்ணீர் கொண்டுபோவேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள். அந்த வெள்ளத்தைப் பலதடவை வடிகட்டியிருப்பார்கள், அதில் ஒன்றுமே கிடையாது. கட்டில் பக்கத்தில் அதன் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்து, திரும்ப மூடி, இரத்தத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். லேப்பில் அந்தத் தண்ணீரையும் சோதிப்பார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லையென்றால் இரத்தத்தில் கண்டது இரத்தத்தில் இருந்ததுதான். தண்ணீரிலும் இருந்தால் காற்றிலிருந்தோ கையிலிருந்தோ விழுந்தது என்று பொருள். அந்த இரத்தத்தின் கணக்கு செல்லாது. பிரசவ வலியில் துடிக்கிற ஒருத்தியின் தலைமாட்டில் சும்மா ஒரு தண்ணீர்க் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவளை மந்திரக்காரி என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டார் அதை வேளாங்கண்ணித் தீர்த்தம் என்று நினைத்து மகள் நெற்றியில் இரண்டு சொட்டுத் தெளிக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் சென்னை லேப்பிலிருந்து போன் வந்தது. சில மாதம் முன்பு அனுப்பிய ஒரு தாயின் இரத்தத்திலும் இருக்கிறது, கொடியிலும் இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது என்றார்கள். நான் எல்லா விதிப்படியும்தான் செய்திருந்தேன். அறையில் யாரும் எதையும் தொடவில்லை. லேபர் ரூம் ஹெட் நர்ஸ் செலின் அக்காவும் நானும் அந்த அறையின் நடுவில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஜன்னல் திரை, மெத்தை உறை, தரை மினுக்கும் திரவம், எங்கள் இரண்டு பேர் கைகள். எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க எல்லாமே நம்மைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. செலின் அக்கா விளக்கை அணைத்துவிட்டு வெளியே வரும்போது சொன்னார்:

"பின்ன பெத்தவளுக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம், இந்த ரூமுக்கு ரெத்தம் எடுத்தாப் போருமே."

துபாய்ச் சட்டியும் மண்சட்டியும்

சோதனை முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிற தாய்மாருக்கு வீட்டுக்கே போய்ச் சொல்வதும் என் சோலிதான். இனயம் கடற்கரையில், சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடு ஒன்றில் ஸ்டெல்லா என்ற பெண். மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த கறுப்புச் சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சட்டியின் நடுவில் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தது. இந்தக் கறுப்பெல்லாம் எங்கே போச்சு என்றேன். "எங்க போவும், நாங்கதான் தின்னோம்" என்று சிரித்தாள். தின்ற கறுப்பு குடலோடு போய்விடும், அதைச் செய்யும்போது சேர்க்கிற இரசாயனம்தான் எங்கள் பிரச்சினை என்று டாக்டரம்மா சொல்லித்தந்ததை ஒப்பித்தேன். அவள் இரத்தத்தில் இருந்தது. அது எனக்கு ஆச்சரியமில்லை.

அடுத்த நாள் கொட்டாரம் பக்கம் வயல்வரப்பு தாண்டி சுசீலா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் நான்ஸ்டிக்கும் கிடையாது, மழைக்கோட்டும் கிடையாது. மண்சட்டியில் குழம்பு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், அலமாரியில் ஒரு நல்ல சேலை. அவளுடைய இரத்தத்தில் அளவு ஸ்டெல்லாவுடையதைவிடக் கூடுதல். நானே லேப்புக்குப் போன் செய்து எண் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தேன், மாறவில்லை. சுசீலா என்னைக் கைபிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு பானையாக, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். களவுபோன வீட்டில் போலீஸுக்குக் காட்டுவதுபோல் காட்டினாள், ஆனால் இங்கே எதுவும் போகவில்லை, வந்திருக்கிறது. கடைசியில் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"நான் ஒண்ணும் வாங்கல்லியே மேடம். பின்ன ஆரு கொண்டாந்து தந்தா?"

தென்னம்பிள்ளை மூட்டில்

கடற்கரையில் சில குடும்பங்களில் ஒரு முறை உண்டு. பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தகப்பன் வீட்டார் வாங்கிக்கொண்டுபோய்த் தென்னம்பிள்ளை மூட்டில் ஆழமாகப் புதைப்பார்கள். நாய் இழுத்துவிடக் கூடாது, ஆகாதவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது. பிள்ளையினுடையது எதுவும் வெளியே கிடந்தால் அதை வைத்துப் பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடலாம் என்று பயம்.

ததேயூஸ் என்று ஒரு இளைஞர், முதல் பிள்ளைக்குத் தகப்பன். கொடியை வாளியில் வாங்கிக்கொண்டு போனவர் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துவிட்டார். நான் அதிலிருந்து இரத்தம் எடுத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாமல் குழிக்குள் இறங்க வேண்டும், எடுத்ததைத் தந்துவிடு என்றார். அவர் மனைவியிடம் சம்மதம் வாங்கித்தான் எடுத்தேன் என்றேன். அதெல்லாம் சரி, சோதித்து முடித்ததும் என்ன செய்வீர்கள் என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. மிச்சத்தைச் சென்னையில் கடுங்குளிர்ப் பெட்டியில் வைத்திருப்பார்கள், பிற்பாடு வேறு ஏதாவது தேட வேண்டியிருந்தால் எடுப்பார்கள், வருஷக்கணக்கில் இருக்கும் என்றேன். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. டாக்டரம்மாவிடம் போனிலேயே கேட்டு, அவர் சரி என்றதும், பெட்டியைத் திறந்து அந்த ட்யூபை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பனிபோல் குளிர்ந்த ட்யூபை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"நான் ஓடி வராம இருந்தா, எனக்க பிள்ள கொஞ்சம் மண்ணுக்கடியிலயும் கொஞ்சம் ஐஸுக்குள்ளயும் கெடந்திருக்கும், இல்லியா?"

மூத்தவள்

லில்லிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேறுகாலத்திலும் எங்கள் ஆராய்ச்சியில் இருந்தவள் என்பதால் அவளை எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். மூத்தவள் எடை குறைவாகப் பிறந்தாள்; சளியும் காய்ச்சலும் விட்டுவிட்டு வரும். இளையவன் கொழுகொழுவென்று இருந்தான். இரண்டாவது முடிவைச் சொல்லப் போனபோது எனக்கு வயிற்றில் மூன்று மாதம். யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் இரத்தத்தில் இந்தத் தடவை குறைந்திருக்கிறது என்று நல்ல சேதியாகத்தான் ஆரம்பித்தேன். அவளுக்கும் சந்தோஷம். என்ன சாப்பிட்டதால் குறைந்தது, எந்தப் பழம், எந்த மருந்து என்று கேட்டாள்.

அதற்கு மருந்து கிடையாது. தாயின் உடம்பிலிருந்து அது வேகமாக இறங்குவதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளைக்குப் போவது. முதல் பிள்ளைக்குத்தான் பொதுவாகக் கூடுதலாகப் போகும், பிறகு வருகிறவர்களுக்குக் குறைவு. இதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, சொன்னேன். மூத்தவளின் சளிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் லில்லிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. இளையவனைத் தொட்டிலில் போட்டாள். வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருந்த மூத்தவளைக் கூப்பிட்டு, மடியில் இருத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிள்ளை நெளிந்தது. பிறகு என்னிடம், அறிமுகம் செய்துவைப்பதுபோல்:

"என்னக் கழுவி விட்டது இவளாக்கும்."

வேண்டாம் என்றவள்

அன்று வீட்டுக்கு வந்து, மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பிய இரண்டு சட்டிகளை எடுத்து வாசலில் வைத்தேன். யாருக்காவது கொடுக்கலாமென்றால் யாருக்குக் கொடுப்பது? பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டால் அது எங்கே போகும் என்று எனக்கே தெரியும். திரும்ப உள்ளே எடுத்து மச்சில் ஏற்றினேன். மழைக்கோட்டையும் ஏற்றினேன். அம்மா நெய்யூரிலிருந்து மத்தி மீன் வாங்கி, கழுவி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றேன். மத்தி வேண்டாம் என்று சொன்ன கர்ப்பிணியை எங்கள் மாவட்டம் அதுவரை பார்த்ததில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் எனக்குப் பேய்க் கோளாறா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மீனை நிறுத்தாதே, அதில் பிள்ளைக்கு வேண்டிய சத்து இருக்கிறது, பட்டினி கிடப்பதால் உள்ளே இருப்பது போய்விடாது" என்றார். சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளமும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்; வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பயமாக இருந்தது. இது எனக்கு முதல் பிள்ளை. லில்லியின் மூத்தவள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மத்தியானம் கையை வயிற்றில் வைத்துப் படுத்திருப்பேன்; பிள்ளை புரளும். தங்காமல் போன இரண்டும் போகும்போது என்னிடமிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போயிருக்குமா, இதற்குக் குறைத்து வைத்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பேன். நினைத்தது ஆசையோடுதான். போன பிள்ளைகளிடம் இப்படி ஒரு உதவியை எதிர்பார்த்த தாய் வேறு யாராவது இருப்பாளா தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. செலின் அக்காவிடம் சொன்னேன். என் தலையில் கைவைத்துத் தடவினார். பிறகு சலிப்போடு சொன்னார்:

"ஏட்டி, நீ சுமக்கது பிள்ளையா, சாம்பிளா?"

சுத்தமான சாம்பிள்

ஆராய்ச்சியில் என்னையும் சேர்க்கலாம், வேண்டாமென்றாலும் சரி என்றார் டாக்டரம்மா. சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை பெண்களின் கட்டிலருகே நின்று "கொஞ்சம்தான், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன வாய் இது. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. நமக்கு ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் நினைப்பதுபோல் நானும் நினைத்தேன்.

மழை விட்டு வானம் வெறித்த ஒரு காலையில் வலி எடுத்தது. செலின் அக்கா அன்று அறையையே தனக்கு எழுதி வாங்கிக்கொண்டார். திரையை முந்தின நாளே கழற்றித் துவைத்திருந்தார். சின்ன நர்ஸுகளின் பவுடரைக் கழுவ வைத்தார். என் அம்மாவைப் பழைய சேலைக்கு மாறச் சொல்லி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். அந்த அறை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பெண் பிறந்தாள், அழுதாள், நானும் அழுதேன். அக்கா கொடியில் ஊசியை இறக்கினார். பிறகு தலைமாட்டில் தண்ணீர் ட்யூபைத் திறக்கிற சத்தம் கேட்டது. அத்தனை பெண்களின் தலைமாட்டில் நான் திறந்த ட்யூப். படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பது இதுதான் முதல் தடவை. கர்த்தரே, அந்தத் தண்ணீரில் ஏதாவது விழட்டும் என்று ஜெபித்தேன். ஏதாவது ஒரு தூசி. விழுந்தால் முடிவு செல்லாமல் போகும், நான் ஒன்றும் தெரியாதவளாகவே பிள்ளையை வளர்த்துவிடுவேன்.

சில மாதம் கழித்துச் சென்னை லேப்பிலிருந்து, வழக்கமாக முடிவு சொல்கிற சார் கூப்பிட்டார். பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு அனுப்புவதால் அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. தாயிடம் இருக்கிறது. கொடியிலும் இருக்கிறது, நல்ல அளவில் இருக்கிறது. தண்ணீரில் ஒன்றுமே இல்லை. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. இது வெளியிலிருந்து விழுந்ததாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். அவர் என்னைப் பாராட்டுகிறவிதமாக, உற்சாகமாகச் சொன்னார்:

"சான்ஸே இல்ல மேடம், உங்க ஊர்லேருந்து இவ்ளோ சுத்தமா ஒரு சாம்பிள் இதுவரைக்கும் வந்ததே இல்ல."

சீதனம்

பால் கொடுப்பதை நிறுத்திவிடட்டுமா என்று அன்றே டாக்டரம்மாவைக் கேட்டேன். பாலிலும் போகும் என்பது எனக்குத் தெரியும். "கொடு. பாலால் வருகிற நன்மைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை" என்றார். மற்ற தாய்மாருக்கு நான் சொல்லிவந்த அதே வாக்கியம். அதைச் சொல்லும்போது எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தது, கேட்கும்போது எவ்வளவு சின்னதாக இருந்தது. பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே குடிக்கும். எனக்கு உடம்பு இலேசாகிக்கொண்டே வருவதுபோல் தோன்றும். அந்த இலேசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பால் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நின்று அழுவேன்.

அம்மா கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: என்னிடமிருந்து இவளுக்குப் போனது, முதல் பிள்ளைக்குக் கூடுதல் என்பது. அம்மா பிள்ளையின் உடுப்பை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி. நான்தான் அம்மாவின் மூத்தவள். அது எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவில்லை, அம்மாவுக்கு உடனே தோன்றிவிட்டது. அந்தக் காலத்தில் கொசு மருந்தும் வயல் மருந்தும் அடித்த இடங்களிலெல்லாம் அம்மா நடந்து வளர்ந்தவர். அப்போது கிடைத்தது வேறு சாதனமாக இருக்கும், இப்போதையது வேறு, அப்படியெல்லாம் நேர்கோடு போட முடியாது என்று டாக்டரம்மா பாஷையில் விளக்கப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. மடித்த உடுப்பை வைத்துவிட்டுப் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். என் கல்யாணத்துக்குச் சீதனம் போதவில்லை என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி நடந்ததை அம்மா இத்தனை வருஷமாகியும் மறக்கவில்லை. குரல் உடைந்திருந்தது, ஆனாலும் சிரித்தார்:

"உன்ன நான் வெறுங்கையோட அனுப்பல்ல மக்கா, உனக்க மாமியாட்ட சொல்லு."

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், காய்ச்சல் வந்தால் மற்ற தாய்மார் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிற நெற்றியை நான் பத்து தடவை தொட்டுப் பார்க்கிறேன். பிள்ளை ஆரைப்போலே என்று யாராவது கேட்டால், கண் அப்பாவைப் போல, மூக்கு என்னைப் போல என்று சொல்லி அதோடு வாயை மூடிக்கொள்ளக் கற்றதுதான் அந்த வேலை எனக்குத் தந்த ஒரே அனுபவச் சான்றிதழ்.